இலவச வெந்நீரும் சிங்கி இறாலும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோவுக்குக் கொஞ்சம் வடக்கே, கார்ல்ஸ்பாட் என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே 1954-ல் என்சினா என்ற மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1970-களில் அந்த மின் நிலையத்தை ஒட்டி வைத்திருந்த தொட்டிகளில் ஒரு வெளியூர் விருந்தாளி வளர்ந்துகொண்டிருந்தது. அதன் பெயர் அமெரிக்கன் லாப்ஸ்டர். நம்மூர் மீன் மார்க்கெட்டில் சிங்கி இறால் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. ஆனால் நம்மூர் சிங்கிக்குக் கொடுக்கு கிடையாது. இதற்கோ விரலை நசுக்கிவிடும் அளவுக்கு இரண்டு பெரிய கொடுக்குகள் உண்டு.

இந்த இறாலின் சொந்த ஊர் பசிபிக் கடலே இல்லை. அமெரிக்காவின் மறுபக்கம், அட்லாண்டிக் கரையில், மெய்ன், மாசசூசெட்ஸ் மாநிலங்களின் குளிர்ந்த கடல்தான் அதன் வீடு. அதை ஒரு கண்டம் தாண்டிக் கொண்டுவந்து மின் நிலையத்தின் வாசலில் வளர்த்ததற்குக் காரணம், அந்த மின் நிலையம் தினமும் வெளியே கொட்டிய வெதுவெதுப்பான தண்ணீர். சும்மா கிடைக்கும் சூடு!

'சும்மா கிடைக்கும்' என்ற இந்த வார்த்தையை நம்பி 1960-களிலும் 70-களிலும் பல நாடுகள் மீன் வளர்க்க இறங்கின. ஸ்காட்லாந்தில் தட்டை மீன், நியூ ஜெர்சியில் இறால், டென்னசியில் கெளுத்தி, சோவியத் யூனியனில் கெண்டை, பிரான்ஸில் கடல் பாஸ். பெரும்பாலானவை இன்றைக்கு இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்தக் கதையில் சுவாரஸ்யமான பகுதி.

முதலில் இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். அனல் மின் நிலையமானாலும் அணுமின் நிலையமானாலும் அடிப்படை ஒன்றுதான். தண்ணீரைக் கொதிக்கவைத்து நீராவியாக்கி, அந்த நீராவியால் டர்பைனைச் சுற்றவேண்டும். சுற்றி முடித்த நீராவியை மறுபடி தண்ணீராக்க வேண்டும். அதற்குக் கண்டன்சர் என்ற பெரிய குழாய்க் கூட்டத்துக்குள் கடல் நீரையோ ஆற்று நீரையோ ஓடவிடுகிறார்கள். நீராவியின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்த நீர் வெளியே போகிறது. உள்ளே வந்ததைவிட ஏறத்தாழ 10 டிகிரி கூடுதல் சூட்டோடு.

அணுமின் நிலையத்தில் உண்டாகும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மீதி இரண்டு பங்கு இப்படித் தண்ணீரோடு போய்விடுகிறது. 900 மெகாவாட் உலை என்றால் சுமார் 1,800 மெகாவாட் வெப்பம் வீண். அதை 10 டிகிரி ஏற்றத்தில் எடுத்துச்செல்ல விநாடிக்கு 40 ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். நம்மூர் தண்ணீர் லாரிக் கணக்கில் சொன்னால் விநாடிக்கு மூன்று நான்கு லாரி. ஒரு விநாடிக்கு!

இவ்வளவு வெப்பத்தை வேறு எதற்காவது பயன்படுத்தக் கூடாதா? முடியாது என்பதுதான் சிக்கல். 25, 30 டிகிரி தண்ணீரை வைத்து டர்பைன் சுற்ற முடியாது, சோறு வேகாது, ஒரு தொழிற்சாலைக்கும் அது உதவாது. அளவில் பிரம்மாண்டம், தரத்தில் மட்டம். ஆனால் அதே 25 டிகிரி ஒரு மீனுக்குச் சொர்க்கம். மீனும் இறாலும் குளிர் ரத்தப் பிராணிகள். தண்ணீர் எவ்வளவு சூடோ, அவற்றின் உடம்பும் அவ்வளவு சூடு. குளிர்காலத்தில் பசி எடுக்காது, வளர்ச்சி நின்றுவிடும். தண்ணீர் வருடம் முழுக்க இதமாக இருந்தால் வருடம் முழுக்கச் சாப்பிட்டு வருடம் முழுக்க வளரும்.

இந்த யோசனையை முதலில் பெரிய அளவில் சோதித்தவர்களில் பிரிட்டிஷ்காரர்கள் முக்கியமானவர்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஹண்டர்ஸ்டன் அணுமின் நிலையம் 1964-ல் இயங்கத் தொடங்கியது. பிரிட்டனின் ஒயிட் ஃபிஷ் அத்தாரிட்டி என்ற அரசு அமைப்பு, அங்கே வெளியேறும் நீரில் பிளேஸ், சோல் போன்ற தட்டை மீன்களை வளர்த்துப் பார்த்தது. (சோல் என்றால் நம்மூர் நாக்கு மீன் சாதி.) அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் ஐல் ஆஃப் மேன் தீவில் ஜேம்ஸ் ஷெல்போர்ன் என்ற விஞ்ஞானி பிளேஸ் மீன் குஞ்சுகளை ஆயிரக்கணக்கில் செயற்கையாக வளர்க்க வழி கண்டிருந்தார். குஞ்சு கையில் இருக்கிறது, சூடு வாசலில் இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் என்ன என்பதுதான் கணக்கு. கடலில் வளர்வதைவிட மீன்கள் சீக்கிரம் வளர்ந்தன. அந்த வகையில் சோதனை வெற்றி.

அதே சமயம் அமெரிக்காவில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. மின் நிலையங்கள் கொட்டும் சுடுநீரால் ஆற்றிலும் ஏரியிலும் உள்ள மீன்கள் பாதிக்கப்படுகின்றன என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள். அதற்கு 'வெப்ப மாசு' என்று பெயர் வைத்தார்கள். மின் கம்பெனிகள் பக்கம் இருந்தவர்கள் விட்டுக்கொடுப்பார்களா? அவர்கள் அதையே 'வெப்பச் செறிவூட்டல்' என்றார்கள். ஏதோ தண்ணீருக்குச் சத்து மாத்திரை கொடுத்தது போல! 1972-ல் வந்த அமெரிக்க நீர் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டம், வெப்பத்தையும் மாசு என்றே கணக்கில் எடுத்துக்கொண்டது. மின் கம்பெனிகள் மீன் வளர்ப்பில் திடீரென்று அக்கறை காட்டியதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

என்சினாவில் சிங்கி இறால் வந்ததும் இந்தக் காலகட்டத்தில்தான். அதற்கு விதை போட்டவர் அட்லாண்டிக் பக்கத்து ஆள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் மாநில அரசின் சிங்கி இறால் குஞ்சு பொரிப்பகம் ஒன்று இருந்தது. அதை நடத்திய ஜான் ஹியூஸ், இறால்களை வருடம் முழுவதும் 22 டிகிரி அளவில் வெதுவெதுப்பான நீரில் வைத்து வளர்த்தார். கடலில் அரைக் கிலோ எடைக்கு வர ஐந்திலிருந்து எட்டு ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் இந்த இறால், அவர் தொட்டியில் ஏறக்குறைய இரண்டே ஆண்டில் அந்த எடையைத் தொட்டது. 1972-ல் இது 'சயின்ஸ்' இதழில் வந்தது.

எட்டு ஆண்டு முதலீடு இரண்டு ஆண்டில் திரும்பி வரும் என்றால் எந்த வியாபாரிக்கும் காது விடைக்கும். அதுவும் சிங்கி இறால், அமெரிக்க ஓட்டல்களில் மெனு கார்டின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் பண்டம். 22 டிகிரி தண்ணீரைக் கொதிகலன் வைத்துக் காய்ச்சினால் எரிபொருள் செலவு தின்றுவிடும். மின் நிலையம் அதை இலவசமாகக் கொடுத்தால்?

சான் டியாகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஃபோர்டு, ஜான் வான் ஓல்ஸ்ட், ஜேம்ஸ் கார்ல்பெர்க் ஆகியோர் என்சினாவில் இதைச் செய்து பார்த்தார்கள். மின் நிலையத்தின் சுடுநீரையும் சாதாரணக் கடல் நீரையும் கலந்து வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவந்தார்கள். இறால் வளர்ந்தது. சுமார் இரண்டு ஆண்டுகளில் விற்பனை எடைக்கு வந்தும்விட்டது. உயிரியல் பாடத்தில் நூற்றுக்கு நூறு.

வணிகவியல் பாடத்தில்தான் பிரச்சினை.

சிங்கி இறாலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கூட இருக்கிறவனைத் தின்றுவிடும். இறால் வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்ளும். அந்தப் புது ஓடு கெட்டியாகும் வரை உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இருப்பவை பாய்ந்துவிடும். சீக்கிரம் வளர வைத்தால் அடிக்கடி ஓடு கழற்றும், அடிக்கடி ஆபத்து. ஒரு தொட்டியில் நூறு குஞ்சை விட்டால் கடைசியில் கொழுத்த சில இறால்கள் மட்டும் மிஞ்சும்.

எனவே ஒவ்வொரு இறாலுக்கும் தனி அறை கட்ட வேண்டும். ஆண்டுக்குப் பத்து லட்சம் இறால் விற்க வேண்டும், வளர இரண்டு ஆண்டு என்றால் எந்த நேரத்திலும் இருபது லட்சம் அறைகள் நிரம்பியிருக்க வேண்டும். ஒவ்வொரு அறைக்கும் தண்ணீர் போக வேண்டும், தீனி போக வேண்டும், கழிவு வெளியே வர வேண்டும், செத்ததை எடுக்க வேண்டும். இட நெருக்கடியைச் சமாளிக்க அறையைச் சின்னதாகக் கட்டலாமா என்றால், அறை சின்னதானால் இறாலும் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறது! இது பண்ணையா, இருபது லட்சம் அறை கொண்ட லாட்ஜா? அதுவும் தினமும் ரூம் சர்வீஸ் உள்ள லாட்ஜ்.

தீனி விஷயம் அதைவிட மோசம். கோழிக்கும் கெண்டைக்கும் இருப்பதுபோல மலிவான உலர் தீவனம் சிங்கி இறாலுக்கு அப்போது இல்லை. ஆர்ட்டீமியா என்ற உப்பளத்துச் சிற்றிறாலைக் கொடுத்தால் நன்றாக வளரும், ஆனால் அதன் விலை கட்டுப்படியாகாது. மீன் வளர்ப்பில் நடைமுறைச் செலவின் பெரும்பகுதி எப்போதும் தீனிதான். அதிலும் சூடான நீரில் பிராணிக்குப் பசி கூடும். வளர்ச்சி சீக்கிரம் என்பதற்கு இன்னொரு அர்த்தம், தீனிச் செலவும் சீக்கிரம் வந்து சேரும் என்பதுதான். இலவசமாகக் கிடைத்தது செலவுப் பட்டியலில் ஒரு வரி. மற்ற வரிகள் எல்லாம் அப்படியே இருந்தன, சில வரிகள் கூடின.

போட்டியாளரோ வேறு யாரும் இல்லை, கடலேதான். 1970-களில் மெய்ன் மாநில மீனவர்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண்டு சிங்கி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காட்டு இறால் குறைந்துகொண்டே போகும், விலை ஏறும், அப்போது பண்ணை இறாலுக்குக் கிராக்கி வரும் என்பது அந்தக் காலத்துக் கணிப்பு. நடந்தது நேர்மாறு. 2016-ல் அதே மெய்னில் பிடிபட்டது 13 கோடி பவுண்டுக்கு மேல். பண்ணை கட்டியவர் கையில் இருபது லட்சம் அறைகள், மீனவர் கையில் ஒரு படகும் கூண்டும். யார் ஜெயிப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

சரி, இந்தப் பக்கம் நியூ ஜெர்சிக்குப் போவோம். இந்தக் கதையில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் வருகிறார். மனிதர் இல்லை, இறால். மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கி என்று நீளமான பெயர். ஆசிய ஆறுகளில் வாழும் பெரிய நன்னீர் இறால். கேரளாவில் ஆற்றுக்கொஞ்சு என்பார்கள். ஆண் இறாலுக்கு நீல நிறத்தில் நீண்ட கால்கள் இருக்கும், ஒரு அடிக்கு வளர்ந்ததும் உண்டு.

இதை வளர்க்கப் பலர் ஆசைப்பட்டார்கள், குஞ்சு மட்டும் பிழைக்கவே இல்லை. 1960-களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் இருந்த ஷாவ்-வென் லிங் என்ற உணவு வேளாண்மை நிறுவன நிபுணர் காரணத்தைக் கண்டுபிடித்தார். வளர்ந்த இறால் ஆற்று நீரில் வாழ்ந்தாலும் குஞ்சுக்குக் கொஞ்சம் உப்புக் கரித்த நீர் வேண்டும். கழிமுகத்தில் பிறந்து ஆற்றுக்கு ஏறிவரும் ஜீவன் அது. 1965-ல் மலேசியாவிலிருந்து தாய் இறால்கள் ஹவாய்க்குப் போயின. அங்கே தகுஜி ஃபுஜிமுரா பெருமளவில் குஞ்சு உற்பத்தி செய்யும் முறையை உருவாக்கினார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவியது.

அப்படிப் பரவியதில் ஒரு கிளை, நியூ ஜெர்சியின் ட்ரென்டன் நகரை ஒட்டி டெலவேர் ஆற்றங்கரையில் இருந்த மெர்சர் என்ற நிலக்கரி மின் நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. 28 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் குஷியாக வளரும் இறாலை, ஜனவரியில் ஆறு உறையும் நிலைக்குப் போகும் ஊரில் வளர்ப்பது! மின் கம்பெனியும் ட்ரென்டன் ஸ்டேட் கல்லூரியும் சேர்ந்து 1970-களில் இதைச் செய்தன. எல்லாச் சோதனைகளிலும் இதுதான் புத்திசாலித்தனமானது. ஏனென்றால் குளிர்காலத்தில் என்னதான் மின் நிலையம் சூடு சேர்த்தாலும் ஆற்று நீர் இறாலுக்குப் போதுமான சூட்டை எட்டாது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். உறையும் தண்ணீரில் பத்து டிகிரி கூட்டினாலும் பத்து டிகிரிதானே? அதில் இறால் செத்துப்போகும். ஆனால் ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனுக்கு அது போதும். எனவே கோடையில் இறால், குளிர்காலத்தில் ட்ரௌட். நம் விவசாயி குறுவை முடித்துத் தாளடி போடுவது மாதிரி, ஒரே தொட்டியில் இரண்டு போகம்.

ஐடியா பிரமாதம். ஆனாலும் ஒரு விஷயத்தை எந்தப் புத்திசாலித்தனத்தாலும் மாற்ற முடியாது. மின் நிலையம் மீனுக்காக ஓடுவதில்லை.

காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் உபபொருள் என்று ஒரு அத்தியாயம் வரும். முக்கியப் பொருளைத் தயாரிக்கும்போது தானாகக் கிடைப்பது உபபொருள். கரும்பு ஆலையில் மொலாசஸ், அரிசி ஆலையில் தவிடு. மின் நிலையத்தில் வெதுவெதுப்பான நீர் உபபொருள் மாதிரிதான். ஆனால் தவிட்டை மூட்டை கட்டி வைக்கலாம். ஆலை ஒரு வாரம் மூடியிருந்தாலும் கிடங்கில் இருக்கும் தவிட்டை மாட்டுக்குப் போடலாம். வெதுவெதுப்பான நீரைக் கிடங்கில் வைக்க முடியாது. மின் நிலையம் நின்ற நிமிடமே சூடும் நின்றுவிடும். அது நிற்பது பராமரிப்புக்காக இருக்கலாம், பழுதால் இருக்கலாம், மின் தேவை குறைந்ததால் இருக்கலாம். டிசம்பர் மாத இரவில் நின்றால் 22 டிகிரி தொட்டி சில மணி நேரத்தில் குளிர்ந்துபோகும். இரண்டு ஆண்டு சரக்கு ஒரே ராத்திரியில் போச்சு.

'கொஞ்சம் பொறுங்கள், மீனைக் காப்பாற்றிக்கொள்கிறோம்' என்று மின் நிலையத்திடம் கேட்க முடியுமா? 900 மெகாவாட் உலை ஒரு நாள் முழுக்க ஓடினால் 2 கோடியே 16 லட்சம் யூனிட். யூனிட் மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே ஒரு நாளைக்கு ஆறரைக் கோடி ரூபாய் ஆகிறது. அந்த அளவு பணம் புரளும் இடத்தில் மீன் பண்ணையின் ஆண்டு வருமானம் சில்லறை. முடிவு எடுக்கும் மேஜையில் மீனுக்கு நாற்காலி கிடையாது. அதனால் பண்ணைக்காரர் அவசரத்துக்குத் தனிக் கொதிகலன் வாங்கி வைக்க வேண்டும். இலவசச் சூட்டை நம்பி வந்தவர் காசு கொடுத்துச் சூடு வாங்கும் ஏற்பாட்டையும் வைத்திருக்க வேண்டிய நிலை!

தண்ணீரும் சுத்தமாக வருவதில்லை. கண்டன்சர் குழாயில் சிப்பியும் பாசியும் ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் இருக்க மின் நிலையங்கள் குளோரின் கலக்கின்றன. சிப்பிக்கு விஷம் என்றால் மீனுக்கும் விஷம்தான். குழாய்கள் தாமிரம் கலந்த உலோகம் என்றால் அது மெல்ல அரித்து நீரில் சேரும். மேரிலாண்டில் பாடக்சன்ட் ஆற்றின் சாக் பாயிண்ட் மின் நிலையத்துக்கு அருகே 1960-களில் சிப்பிகளின் சதை பச்சை நிறமாக மாறியது. காரணம் தாமிரம். வாடிக்கையாளர் தட்டில் பச்சைச் சிப்பி வைத்தால் எந்த ஓட்டல் தாங்கும்? இன்னொன்று காற்றுக் குமிழி நோய். குளிர்ந்த நீரில் கரைந்திருக்கும் காற்று, நீர் திடீரெனச் சூடானால் அளவுக்கு மீறியதாகிவிடும். சோடா பாட்டில் திறந்தது போல மீனின் ரத்தத்திலும் கண்ணிலும் குமிழ் விடும். மீன் செத்துவிடும்.

இந்தக் குறைகள் எல்லாவற்றையும் சரிசெய்தாலும் மின் கம்பெனிக்கு ஒரு ஏமாற்றம் பாக்கி இருந்தது. மீன் பண்ணை வைத்தால் வெப்ப மாசுப் பிரச்சினை தீரும் என்று சிலர் நினைத்தார்கள். மீன் வெப்பத்தைச் சாப்பிடுவதில்லை! சூடான நீர் தொட்டி வழியாகப் போய், ஏறக்குறைய அதே சூட்டோடு, கூடவே மீனின் கழிவையும் மிச்சத் தீனியையும் சுமந்துகொண்டு ஆற்றுக்குத்தான் போகும். போதாததற்கு அங்கே கொட்டும் நீரில் பண்ணை தொடக்கூடியது ஒரு சிறு பங்கு. சட்டத்துக்குக் கட்டுப்பட மின் கம்பெனிகள் கண்ட வழி கூலிங் டவர். சூடு காற்றில் போய்விட்டது, மீனுக்கான தண்ணீரும் அதோடு குறைந்துபோனது.

சோவியத் யூனியனில் லாபக் கணக்கின் நெருக்கடி இவ்வளவு இல்லை. மாஸ்கோவுக்கு வடக்கே கொனாகோவோ அனல் மின் நிலையத்தின் சுடுநீரில் ஸ்டர்ஜன் மீன் பண்ணையே நடந்தது. மின் நிலையங்களின் குளிர்விப்புக் குளங்களில் கெண்டை வளர்ப்பது அங்கே வழக்கம். செர்னோபில் நிலையத்துக்கும் ஏறத்தாழ 22 சதுர கிலோமீட்டரில் ஒரு குளம் இருந்தது, அதிலும் மீன் வளர்த்தார்கள். 1986 ஏப்ரல் 26-ல் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். மின் நிலையத்தோடு தன் தலைவிதியைக் கட்டிக்கொண்ட பண்ணைக்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் கிடையாது.

ஜெயித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், அவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஒரு சிப்பிக் கம்பெனி, நார்த்போர்ட் மின் நிலையத்தின் வெதுவெதுப்பான நீரைச் சிப்பிகளின் குழந்தைப் பருவத்துக்கு மட்டும் பயன்படுத்தியது. சில மாதங்கள் அந்த நீரில் வளர்த்து, பிறகு குளிர்ந்த விரிகுடாவில் கொண்டுபோய் விட்டுவிடும். நான்கு ஆண்டு எடுக்கும் சிப்பி இரண்டரை ஆண்டு அளவில் தயாரானது. இங்கே கவனிக்க வேண்டியது, மின் நிலையம் நின்றால் போகக்கூடிய சரக்கு சின்னக் குஞ்சுகள் மட்டும்தான். பெரிய மதிப்புள்ள சரக்கு எல்லாம் எப்போதோ கடலுக்குப் போய்விட்டது. ரிஸ்க்கை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம்.

இன்னொன்று பிரான்ஸின் வடகோடியில் உள்ள கிராவலீன். வட கடல் ஓரம் ஆறு அணு உலைகள், ஒவ்வொன்றும் 900 மெகாவாட் வகை. 1980-லிருந்து 85-க்குள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. 1983-ல் அக்வாநார் என்ற பண்ணை அதன் பக்கத்திலேயே தொடங்கி கடல் பாஸ், கடல் பிரீம் மீன்களை வளர்த்தது. இவை மத்தியதரைக் கடல் பக்கத்து மீன்கள், நம்மூர் கொடுவா போல நல்ல விலை போகும். ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. மற்ற இடங்களில் தோற்றது இங்கே எப்படி நின்றது? பல காரணங்கள் இருக்கலாம், ஆனால் முதல் காரணம் கண் முன்னே நிற்கிறது. ஆறு உலைகள்! ஒன்றைப் பராமரிப்புக்கு நிறுத்தினாலும் மற்ற ஐந்தில் சில ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஒரே வாடிக்கையாளரை நம்பிக் கடை வைக்காதே என்பார்கள். ஒரே உலையை நம்பித் தொட்டி கட்டாதே என்பதும் அதே பாடம்தான்.

அப்படியும் 2025 ஆகஸ்ட் 10 இரவிலிருந்து மறுநாள் காலைக்குள் கிராவலீனில் நான்கு உலைகள் தாமாக நின்றன. நீர் உறிஞ்சும் இடத்தில் ஜெல்லி மீன் கூட்டம் வந்து அடைத்துக்கொண்டது. மற்ற இரண்டு உலைகள் ஏற்கெனவே பராமரிப்பில் இருந்தன. ஆக ஆறும் நின்றாகிவிட்டது. நல்லவேளை அது கோடைக்காலம், கடலே இதமாக இருக்கும் மாதம்.

ஹண்டர்ஸ்டன் கதையும் தோல்வி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அங்கே பின்னர் கோல்டன் சீ ப்ரொட்யூஸ் என்ற கம்பெனி டர்பாட் என்ற தட்டை மீனை வளர்த்தது. உலகில் டர்பாட் வளர்ப்பு தொடங்கியதே 1970-களில் ஸ்காட்லாந்தில்தான். 1983-ல் அது ஸ்பெயினின் கலீசியா கரைக்குப் போனது. அங்கே கடல் நீர் இயற்கையாகவே டர்பாட்டுக்கு ஏற்ற வெப்பநிலை. மின் நிலையம் தேவையில்லை. தொழில் அங்கே வேர் பிடித்து, ஐரோப்பாவின் டர்பாட் உற்பத்தியில் ஸ்பெயின் முன்னணிக்கு வந்தது.

சூட்டுக்கு விலை உண்டா இல்லையா என்பது இடத்தைப் பொறுத்தது என்பதற்கு நம் கல்பாக்கமே சாட்சி. அங்கும் அணுமின் நிலையம் வெதுவெதுப்பான நீரைக் கடலில்தான் விடுகிறது. ஆனால் வங்கக் கடலே வருடம் முழுக்க 26, 28, 30 டிகிரி. அதில் இன்னும் சூடு சேர்த்து யாருக்கு விற்பது? கிராவலீனில் சரக்கு, கல்பாக்கத்தில் தொல்லை.

இந்த இலவசச் சூட்டுக்கு இன்று பொருத்தமான ஆள் என்று பார்த்தால் ஆஸ்திரேலியாவின் ரெட்கிளா கிரே ஃபிஷ் நினைவுக்கு வருகிறது. குட்டிச் சிங்கி இறால் போல இருக்கும் நன்னீர்ப் பிராணி. வடக்கு ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூ கினியும் பூர்வீகம். குஞ்சுக்கு உப்பு நீர் வேண்டாம், தாயின் வயிற்றுக்கடியில் ஒட்டிக்கொண்டு, பொரியும்போதே சின்ன உருவத்தில் முழு கிரே ஃபிஷ்ஷாக வரும். அமெரிக்கச் சிங்கி அளவுக்குச் சண்டைக்கோழியும் இல்லை. சிங்கியிடமும் ஆற்றிறாலிடமும் இருந்த தொல்லைகளில் பாதி இதனிடம் கிடையாது. குளிர் மட்டும் ஆகாது, 10 டிகிரிக்குக் கீழே தாங்காது.

குளிர்தேசத்தில் தப்பி ஓடினால் குளிர்காலத்தில் தானே செத்துவிடும், சுற்றுச்சூழலுக்கு ஆபத்தில்லை என்று இதற்கு ஒரு வாதம் வைப்பார்கள். ஆனால் சுடுநீர் விழும் ஓடையில் குளிர்காலமே வராதே! ஜெர்மனியில் நீடராவுசெம் நிலக்கரி மின் நிலையத்தின் சூடு இறங்கும் கில்பாக் என்ற ஓடையில், கப்பி போன்ற வெப்பமண்டல அலங்கார மீன்கள் குடித்தனம் நடத்துகின்றன. யாரோ தொட்டியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. ஸ்லோவேனியாவில் இயற்கை வெந்நீர் ஊற்று கலக்கும் ஒரு நீர்நிலையில் 2009-ல் ரெட்கிளாவே கண்டுபிடிக்கப்பட்டது.

சூடும் போட்டி விதியும் இப்படியிருக்க, என்சினாவில் சிங்கி இறால் வளர்த்தவர்கள் என்ன ஆனார்கள்? வான் ஓல்ஸ்டும் கார்ல்பெர்க்கும் பின்னர் ஸ்ட்ரைப்டு பாஸ் என்ற மீனின் கலப்பினத்தை வளர்க்கும் கென்ட் சீடெக் கம்பெனியை நடத்தினார்கள். இடம் கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கு, பாலைவனம். தேர்ந்தெடுத்த தண்ணீர், பூமிக்கடியிலிருந்து தானாகவே வெதுவெதுப்பாக வரும் கிணற்று நீர். யாரும் சுவிட்சைத் தட்டி அதை நிறுத்த முடியாது.

கடல் நீரை எடுத்து ஒரே ஓட்டத்தில் குளிர்வித்துக் கடலுக்கே விடும் மின் நிலையங்களைப் படிப்படியாக ஒழிக்க 2010-ல் கலிஃபோர்னியா முடிவெடுத்தது. அதற்கிடையில் என்சினாவின் குளிர்விப்பு நீருக்கு இன்னொரு வாடிக்கையாளர் வந்தார். 2015 டிசம்பரில் அதன் பக்கத்தில் பெரிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டு, மின் நிலையம் வெளியேற்றும் நீரையே எடுத்துக் குடிநீராக்கியது. மூன்றே ஆண்டில், 2018 டிசம்பரில், என்சினா நிரந்தரமாக மூடப்பட்டது. அந்த ஆலை தனக்கென்று சொந்தமாகக் கடல் நீர் எடுக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டி வந்தது.